பிரசவ வார்டில் ‘ஏன்?’ என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு

அண்ணல் அம்பேத்கருக்கும் ரமாபாய்க்கும் ஐந்து குழந்தைகள் பிறந்தன. உயிரோடு வளர்ந்தவர் யஷ்வந்த் ஒருவர்தான். புதுச்சேரிக்கு அருகே ஒரு கிராமத்துச் சேரியில் வாழ்ந்த வீரம்மாவுக்குப் பன்னிரண்டு குழந்தைகள். அவற்றில் தங்கியவை மூன்று. வீரம்மா வயலில் கூலி வேலை செய்தவர், பாட்டுக்காரர், பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. ஜோசியான் ரசின் என்ற ஆய்வாளரிடம் அவர் பல ஆண்டுகள் சொல்லிவந்த வாழ்க்கைக் கதை பிரெஞ்சில் நூலாகி, 1997-இல் ஆங்கிலத்திலும் வந்தது.

ஊரார் பிள்ளைகளைக் கையில் ஏந்திய ஒருவர் தன் பிள்ளைகளில் ஒன்பது பேரைப் பறிகொடுத்திருக்கிறார். இப்படிப்பட்ட சாவுகளை ‘விதி’, ‘கொடுப்பினை இல்லை’ என்று சொல்லித்தான் நம் பாட்டிமார்கள் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சாவுகளில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை என்பதை மருத்துவ ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. தொப்புள்கொடியை அறுக்கும் கருவியில் இருந்த அழுக்கால் வரும் ரணஜன்னி 1988-இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 7,87,000 பச்சிளம் குழந்தைகளைக் கொன்றது. கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியும், சுத்தமான பிளேடும், கழுவிய கையும் அதை விரட்டின. தாய்க்கும் சேய்க்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது.

சேதராப்பட்டிலும், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் மற்ற கிராமங்களிலும் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் ஆஸ்பத்திரியின் வாசலுக்குள் போய்விட்டால் மட்டும் போதுமா? உள்ளே நம் பெண்களுக்குச் செய்யப்படுவதில் எது ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது, எது வெறும் பழக்கம்? இந்தக் கேள்வியைக் கேட்கும் தெம்பு நமக்கு வேண்டும். அதற்குக் கொஞ்சம் அறிவும் வேண்டும்.

வயலில் பிறந்த முறை

மருத்துவ ஆய்வு என்றதும் நமக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம் என்று ஒதுங்கிவிடுகிறோம். அதன் அடிப்படை நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். புதிய உரம் நல்லதா என்று பார்க்க வேண்டுமானால் என்ன செய்வோம்? ஒரே வயலில் சில பாத்திகளுக்குப் புதிய உரம், சில பாத்திகளுக்குப் பழைய உரம் போட்டு விளைச்சலை ஒப்பிடுவோம். நல்ல மண் உள்ள பாத்திக்கே புதிய உரத்தைப் போட்டுவிட்டால் கணக்கு தப்பாகிவிடும். அதனால் எந்தப் பாத்திக்கு எது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்ய வேண்டும். 1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் இந்தக் குலுக்கல் முறையை வகுத்தார். பிறகு அதே முறைதான் மருந்தையும் சிகிச்சையையும் சோதிக்கும் முறையாக மருத்துவத்துக்குள் வந்தது.

பிரசவ மருத்துவம் இந்தச் சோதனைக்கு லேசில் இணங்கவில்லை. 1847-இல் வியன்னா ஆஸ்பத்திரியில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த வார்டில் தாய்மார்கள் அதிகமாக இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் சாவு குறைவு. மருத்துவர்கள் பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவ வார்டுக்கு வந்ததுதான் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்ததும் சாவு மளமளவென்று குறைந்தது. ஆனாலும் பெரிய மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. தங்கள் கை அழுக்கு என்று ஒருவன் சொல்வதா என்று கோபித்தார்கள்.

நம் நாட்டில் இந்தக் கதை தலைகீழாக நடந்தது. பிரசவம் ‘தீட்டு’ என்று சொல்லி, கொடி அறுக்கும் வேலையும் துணி அலசும் வேலையும் பெரும்பாலும் தலித் பெண்களின் தலையிலும், மருத்துவச்சிகளை வழிவழியாகத் தந்த மற்ற சாதிப் பெண்களின் தலையிலும் சுமத்தப்பட்டன. அந்தக் கைகளின் அனுபவத்தை யாரும் அறிவாக எழுதி வைக்கவில்லை. அந்தக் கைகளுக்குச் சோப்பும் பயிற்சியும் நேரத்தில் போய்ச் சேரவும் இல்லை.

1979-இல் ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், ஆராய்ச்சி முடிவுகளைப் பயன்படுத்துவதில் எல்லா மருத்துவத் துறைகளிலும் மகப்பேறு மருத்துவம்தான் கடைசி என்று வெளிப்படையாக எழுதினார். அந்தச் சொல் சுட்டது. இயன் சால்மர்ஸும் அவருடைய நண்பர்களும் பேறுகாலம் தொடர்பான ஆய்வுகளைத் தேடித் திரட்டி 1989-இல் பெரிய நூலாக வெளியிட்டார்கள். அதன் தொடர்ச்சிதான் 1993-இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு.

திரட்டுவது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். குறைமாதத்தில் பிரசவம் ஆகப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் பலப்பட்டு உயிர் தப்பும் என்று 1972-இல் நியூசிலாந்து ஆய்வு காட்டியது. ஆனால் உலகில் அது பரவலான வழக்கமாக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ குழந்தைகள் வீணாக இறந்தன. அறிவு இருந்தது, போய்ச் சேரவில்லை. நம் சேரிகளுக்கு எல்லாமே இப்படித் தாமதமாகத்தான் வந்திருக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2018-இல் உலக சுகாதார நிறுவனம் பிரசவ நேரப் பராமரிப்பு பற்றி 56 பரிந்துரைகளை வெளியிட்டது. கர்ப்பிணிகளும் அவர்கள் குடும்பத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை இங்கே சொல்கிறோம்.

துணை: பிரசவ வலியின்போது தாய் விரும்பும் ஒருவர் கூடவே இருக்கலாம். 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தொடர்ந்து துணை இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் அதிகம், சிசேரியன் குறைவு, வலி நேரமும் குறைவு என்று தெரிந்தது. செலவில்லாத மருந்து இது. தமிழ்நாடு 2004-லேயே அரசு ஆஸ்பத்திரிகளில் துணையை அனுமதிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் நாடு முழுவதும் அனுமதித்தது.

நடமாட்டம்: வலி வந்ததும் மல்லாக்கப் படுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிக்கல் இல்லாத தாய் எழுந்து நடக்கலாம், உட்காரலாம். அப்படிச் செய்தவர்களுக்கு முதல் கட்ட வலி நேரம் சராசரியாக 1 மணி 20 நிமிடம் குறைந்தது என்று 5,000 பெண்களுக்கு மேல் பங்கேற்ற ஆய்வுகள் சொல்கின்றன. ஆபத்து குறைவாக உள்ள தாய் தண்ணீர், கஞ்சி குடிக்கவும் தடை தேவையில்லை.

மழிப்பும் எனிமாவும்: முடியை மழிப்பதும் எனிமா கொடுப்பதும் எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யத் தேவையில்லை. அவற்றால் பலன் இருப்பதாக நிரூபணம் இல்லை.

வெட்டும் தையலும்: ‘முதல் பிரசவம் என்றால் வெட்டித்தான் ஆக வேண்டும்’ என்பது பழக்கம், ஆய்வு முடிவு அல்ல. தேவைப்பட்டால் மட்டும் வெட்டும் முறையில் கடுமையான கிழிசல் சுமார் 30 சதவீதம் குறைந்தது. குழந்தை வரட்டும் என்று வயிற்றின் மேல் அமுக்குவதையும் உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்கிறது.

தொப்புள்கொடி: குழந்தை பிறந்ததும் கொடியை உடனே அறுக்காமல் குறைந்தது ஒரு நிமிடம் பொறுத்தால், நஞ்சில் உள்ள ரத்தம் குழந்தைக்குப் போகும். அந்த இரும்புச்சத்து பல மாதங்களுக்கு உதவும். இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அரை வயிற்றுக் கஞ்சியோடு வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஒரு நிமிடம் பெரிய சொத்து.

முதல் ஒரு மணி நேரம்: குழந்தையும் தாயும் நலமாக இருந்தால் துடைத்துவிட்டுத் தாயின் மார்போடு சேர்த்து வைக்க வேண்டும். சீம்பாலும் அப்போதே தர வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும், சர்க்கரைத் தண்ணீர், தேன் தொட்டு வைப்பதும் நம் பக்கத்துப் பழக்கங்கள். ஆஸ்பத்திரியின் பழக்கத்தைக் கேள்வி கேட்கும் நாம் வீட்டுப் பழக்கத்தையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும்.

ஊசியை மறுப்பதல்ல அறிவு

இதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உயிர் காக்கும் மருந்துகளைச் சோதித்து நிலைநிறுத்தியதும் இதே ஆராய்ச்சிதான். கர்ப்பத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி வலிப்பு வரும் ஆபத்தை மக்னீசியம் சல்பேட் ஊசி பாதியாகக் குறைக்கிறது என்று 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால்தான் ஒவ்வொரு பரிசோதனையிலும் ரத்த அழுத்தம் பார்ப்பது அவசியம்.

ரத்தப்போக்கு பற்றிய ஆய்வு இன்னும் நமக்கு நெருக்கமானது. கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டக் கிராமங்களில் 1,620 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பிரசவம் ஆனதும் கிராமச் செவிலியர்கள் மிசோபுரோஸ்டால் மாத்திரை கொடுத்தார்கள். அதிக ரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தது. 2006-இல் அந்த முடிவு வெளியானது. ரத்தத்தைக் கண்ணளவாகச் சொல்லாமல், தாயின் அடியில் விரித்த பிளாஸ்டிக் பையில் பிடித்து அளந்ததுதான் அதன் சிறப்பு. நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 ஆஸ்பத்திரிகளில் இப்படி அளந்து, உடனே சிகிச்சைகளை ஒன்றாகக் கொடுத்தபோது கடும் ரத்தப்போக்கும் அதன் பெரும் பாதிப்புகளும் 60 சதவீதம் குறைந்ததாக 2023-இல் தெரியவந்தது. ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண், மற்றவர் தாங்கும் ரத்த இழப்பைக்கூடத் தாங்க மாட்டாள். ‘கொஞ்சம்தான் போச்சு’ என்ற கண்ணளவு அவளுடைய உயிரோடு விளையாடுவது.

சிசேரியனும் அப்படித்தான். தேவையான நேரத்தில் அது இரண்டு உயிரைக் காப்பாற்றும். ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரிகளில் 36 சதவீதம், தனியாரில் 63.8 சதவீதம். உடலமைப்பு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறாது. கடன் வாங்கித் தனியாருக்குப் போகும் குடும்பம் ‘எதற்காக ஆபரேஷன்?’ என்று கேட்டுத் தெளிவது நியாயம்தான்.

கேட்டால் திட்டு விழும் என்ற பயம்

கேள்வி கேட்பது எளிதல்ல என்பது நமக்குத் தெரியும். காலனிப் பெண் கேட்டால் பதில் ஒரு மாதிரி, வேறொருவர் கேட்டால் பதில் வேறு மாதிரி என்பது நம் பெண்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் புகார். 1995-இல் தமிழ்நாட்டின் ஏழைப் பெண்களிடையே ஆய்வு செய்த செசிலியா வான் ஹாலன் என்ற மானுடவியலாளர், பிரசவ வார்டுகளில் பெண்கள் வாங்கிய திட்டு, கொடுக்க வேண்டியிருந்த லஞ்சம், கேட்காமலே பொருத்தப்பட்ட காப்பர்-டி ஆகியவற்றை 2003-இல் வந்த தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். மரியாதையோடு நடத்துவது கருணை அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 56 பரிந்துரைகளில் அது முதலாவது. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ‘லக்ஷ்யா’ திட்டமும் பிரசவ அறையில் மரியாதையான பராமரிப்பைத் தர அளவுகோலாக வைத்திருக்கிறது.

பணிவாகவும் அழுத்தமாகவும் கேட்கலாம். “சிஸ்டர், எங்க அம்மா கூட இருக்கட்டுமா?”, “டாக்டரம்மா, இந்த ஊசி எதுக்கு?”, “இதைச் செய்யலைன்னா என்ன ஆகும்?”, “வேற வழி இருக்கா?”, “கொஞ்ச நேரம் பார்க்கலாமா?” இந்த ஐந்து கேள்விகளும் யாரையும் அவமதிப்பவை அல்ல. அவசரம் என்று மருத்துவர் காரணம் சொன்னால் தாமதிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அதிக வேலைப் பளுவில் இருக்கும் செவிலியருக்கும் விவரம் தெரிந்த குடும்பம் உதவியாகத்தான் இருக்கும்.

கூடிப் பேசினால் குழந்தை பிழைக்கிறது

தனியொரு பெண் கேட்பது கடினம். பத்துப் பெண்கள் சேர்ந்து கற்றால்? இதையும் ஆராய்ச்சி சோதித்திருக்கிறது. ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் மூன்று மாவட்டங்களில், ஆதிவாசிகள் அதிகம் வாழும் பகுதிகளில், ‘ஏக்ஜுட்’ என்ற அமைப்பு 2005 முதல் 2008 வரை ஓர் ஆய்வு நடத்தியது. கிராமங்கள் 36 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. 18 தொகுதிகளில் மாதம் ஒரு முறை பெண்கள் கூடினார்கள். உள்ளூர்ப் பெண் ஒருவர் கூட்டத்தை நடத்தினார். படங்களும் கதைகளும் விளையாட்டும் வைத்துப் பேறுகாலச் சிக்கல்களைப் பேசினார்கள். எது முக்கியச் சிக்கல், நம் ஊரில் அதற்கு என்ன செய்யலாம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். மற்ற தொகுதிகளில் இந்தக் கூட்டங்கள் இல்லை.

மூன்று ஆண்டுகளில் கூட்டம் நடந்த இடங்களில் பச்சிளம் குழந்தை இறப்பு 32 சதவீதம் குறைவு. கடைசி இரண்டு ஆண்டுகளை மட்டும் பார்த்தால் 45 சதவீதம் குறைவு. நாம் கவனிக்க வேண்டியது அடுத்த கணக்கு. அந்த இரண்டு ஆண்டுகளில் மிகவும் ஒடுக்கப்பட்ட, வறுமையில் உள்ள குடும்பங்களில் இறப்பு 59 சதவீதம் குறைந்தது. மற்றவர்களிடையே 36 சதவீதம். பெரும்பாலான அரசுத் திட்டங்களின் பலன் வசதியானவர்களிடம் முதலில் சேரும். இந்த முறையின் பலனோ கடைசி வரிசைக்கே அதிகம் சேர்ந்தது. வேறு நாடுகளின் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, கர்ப்பிணிகளில் 30 சதவீதம் பேராவது பங்கேற்ற இடங்களில் பச்சிளம் குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இதற்கு ஸ்கேன் இயந்திரம் தேவைப்படவில்லை. பெரிய படிப்பும் தேவைப்படவில்லை. பாயை விரித்து உட்கார்ந்து பேசியதுதான்.

சேதராப்பட்டில் என்ன செய்யலாம்?

நம் ஊர்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. அங்கன்வாடி இருக்கிறது. ஏ.என்.எம். அக்கா வருகிறார். குழுக்கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்ததும் அரை மணி நேரம் பேறுகாலத்துக்கு ஒதுக்கலாம். ஒரு மாதம் ரத்தசோகையும் இரும்புச்சத்து மாத்திரையும், அடுத்த மாதம் ஆபத்து அறிகுறிகள், அதற்கடுத்த மாதம் பிரசவ அறைத் துணை என்று வரிசை வைத்துக்கொள்ளலாம். ஊரில் உள்ள கர்ப்பிணிகளில் மூன்றில் ஒருவராவது வர வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்களுக்காகக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் காக்ரேன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் எளிய சுருக்கங்களையும், உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளையும் தமிழில் சொல்லிக் கொடுக்கலாம். நர்சிங் படிக்கும் தங்கைகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

உரிமைகளையும் சேர்த்துப் பேச வேண்டும். 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு, வீடு திரும்பும் வண்டி எல்லாம் இலவசம். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு இலவசச் சிறப்புப் பரிசோதனை உண்டு. ஓய்வும் உரிமைதான். ஆலையில் வேலை செய்யும் பெண்களுக்குப் பேறுகாலச் சலுகை தரும் மசோதாவை 1928-இல் பம்பாய் சட்டசபையில் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நன்மைக்கே என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே அது சட்டமானது.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஆராய்ச்சி என்பது எண்ணிக்கையில் தொடங்குகிறது. எத்தனை தாய்மார்களுக்குத் துணை அனுமதிக்கப்பட்டது, எத்தனை பேருக்கு வெட்டித் தையல் போடப்பட்டது, எத்தனை சிசேரியன், பிரசவத்தின்போது எத்தனை பேருக்குக் கடும் ரத்தசோகை இருந்தது என்ற கணக்கை கொம்யூன் வாரியாகவும், தாழ்த்தப்பட்டோர் தனியாகவும் ஆண்டுக்கு ஒரு முறை புதுச்சேரி சுகாதாரத் துறை வெளியிட வேண்டும். எல்லோரையும் கூட்டிப் போட்ட சராசரியில் சேரியின் நிலை மறைந்துவிடுகிறது. ஊசுடு உட்பட நம் தனித் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் இந்தக் கணக்கைச் சட்டசபையில் கேட்கலாம். அவர்கள் கேட்கும் வரை நாம் அவர்களைக் கேட்கலாம்.

அடுத்த குழுக்கூட்டத்துக்குப் போகும் அக்கா, தங்கைகள் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துச் செல்லுங்கள். படிக்கத் தெரிந்தவர் படிக்கட்டும். பிரசவம் கண்டவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லட்டும். அந்த வாரத்தில் நாள் நெருங்கிய கர்ப்பிணி யார், அவளோடு ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போகப்போவது யார் என்பதை அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.